சொம்புக்குள் தண்ணீர் இருக்கும்

என் கணவர் சண்முகத்தின் அறுபதாம் கல்யாணத்தில் நான் மணமேடையில் நின்றுகொண்டு கத்தியது உண்மை. மறுக்கவில்லை. இருநூறு பேர் பார்த்தார்கள், வீடியோவிலும் இருக்கிறது, மறுத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் "கோமதி கத்துனா" என்று சொல்கிறவர்கள் யாரும், ஏன் கத்தினாள் என்று சொல்வதில்லை. கேட்டால், "பாவம், பிரஷர்" என்கிறார்கள். (எனக்கு பிரஷரே கிடையாது. பிரஷர் இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் ஏறுகிறது.)

ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

எல்லாம் தலைமுடியால் வந்தது. முதலில் இவர் தலைமுடி. இவருக்கு முப்பத்தெட்டு வயதிலேயே நரைக்க ஆரம்பித்து, ஐம்பதில் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. தி.நகரில் எங்களுக்குப் பாத்திரக்கடை. வெள்ளைத் தலையும் வெள்ளைச் சட்டையுமாக இவர் கல்லாவில் உட்கார்ந்தால், வருகிறவர்கள் தராசைக்கூடப் பார்ப்பதில்லை. "ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். இப்போது என் தலையும் வெளுத்தபிறகு, அதே கல்லாவில் மத்தியானம் நான் உட்கார்ந்தால், "பாட்டி, கடையில பெரியவங்க யாரும் இல்லையா?" என்பார்கள்.

ஒருநாள் இரண்டு பேருமாக மயிலாப்பூரில் ஒரு வங்கிக்குப் போனோம். வாசலில் நின்ற காவலாளி இவரைப் பார்த்து, "சார், மேனேஜர் ரூம் லெஃப்ட்ல" என்றார். என்னைப் பார்த்து, "பாட்டிம்மா, பென்ஷன் கவுன்ட்டர் ரைட்ல" என்றார். இவர் என்னைவிட நாலு வயது பெரியவர். மேனேஜரிடம் எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் இவர் போய் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்தார்.

அதற்கு முன்னால், நாற்பது வயதிலேயே நான் டை போட ஆரம்பித்திருந்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் கட்டாயப்படுத்தாமலேயே நாம் செய்கிற காரியங்கள் சில இருக்கின்றன, அதில் ஒன்று. பதினாறு வருஷம், மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிறு. அதற்கென்று ஒரு பழைய நைட்டி, அதற்கென்று ஒரு உடைந்த கிண்ணம், குளியலறைச் சுவரில் கழுவவே முடியாத ஒரு கறை. ஐம்பத்தாறாவது வயதில் ஒரு ஞாயிறு வழக்கம்போலப் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை காலை இரண்டு கண்ணும் பன் மாதிரி உப்பி, நெற்றி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. வாசலுக்குப் போய்ப் பால் வாங்கினேன். பால்காரர், "அம்மா ஊருக்குப் போயிருக்காங்களா?" என்று என்னிடமே கேட்டார்.

அடையாறில் தோல் டாக்டர் ஒருவர் பார்த்தார். "பதினாறு வருஷம் ஒடம்பு பொறுத்துக்கிச்சு, இனிமே பொறுக்காது. டையைத் தொடாதீங்க. அடுத்த தடவை மூச்சுக்கே வந்துடும்" என்றார். பயப்படவேண்டிய இடம். நான் என்ன செய்தேன் தெரியுமா? பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு விட்டமாதிரி சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

பதினோரு மாதம் முடியை அதன் போக்கில் விட்டேன். மேலே வெள்ளை, நடுவில் செம்பட்டை, கீழே கறுப்பு. ஏதோ புதுக் கட்சியின் கொடி மாதிரி இருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது. காலையில் கண்ணாடியில் பார்த்தால், அங்கே இருந்தவளை எனக்குத் தெரிந்தது. ஊருக்குத்தான் தெரியவில்லை. மயிலாப்பூர் குளத்தருகே நான் வழக்கமாகப் பூ வாங்குகிற பூக்காரம்மா ஒருநாள் ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? தல ஃபுல்லா வெளுத்துகினு கீது?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"வூட்ல எதுனா பிரச்சனையா?"

"ஒண்ணுமில்ல."

"அப்பால இன்னாத்துக்கு இப்டி வுட்டுட்ட?" என்று உச்சுக்கொட்டி, ஒரு முழம் அதிகமாக அளந்து கொடுத்தாள். அந்தப் பரிதாப முழத்தை எனக்குத் தலையில் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. வீட்டில் சாமி படத்துக்குப் போட்டேன். (சாமி ஒன்றும் கேட்கவில்லை. அவர் பக்கத்திலும் ஒரு அம்மன் இருக்கிறாள், எத்தனை யுகமானாலும் அவளுக்கு ஒரு முடி நரைக்காது.)

இந்த நிலையில்தான் இவருக்கு அறுபது வந்தது. கூடவே சந்திராவும் வந்தாள்.

சந்திரா இவருடைய தங்கை. கொட்டிவாக்கத்தில் இருக்கிறாள். நல்லவள். அதுதான் பிரச்சினை, கெட்டவளாக இருந்தால் ஒரு சண்டையோடு முடித்திருப்பேன். என்னைவிட இரண்டு வயது சிறியவள், தலை மட்டும் புதுச் செருப்பு மாதிரி பளபளவென்று கறுப்பாக இருக்கும். கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் ஒரு சின்னப் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

"மதினி, இது டை கெடையாது. பவுடர். வெள்ள முடி மேல தொட்டுத் தொட்டு வச்சாப் போதும், தோல்ல ஒட்டாது. டாக்டர் டையைத்தானே வேண்டாம்னாரு?"

பெட்டியில் 'இயற்கைக் கறுப்பு' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்தமாதிரி ஏதேதோ எழுதியிருந்தது. கண்ணாடி பக்கத்தில் இல்லாததால் நான் படிக்கவில்லை. (இந்த வரியைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

"சந்திரா, எனக்கு இதே நல்லாருக்கு."

"ஒங்களுக்கு நல்லாருக்கு மதினி. பாக்கறவங்களுக்கு? ஹால்ல மாட்டப்போற போட்டோ. நாளைக்கு நாம இல்லாட்டியும் அது இருக்கும். அண்ணன் பக்கத்துல அவருக்கு அம்மா மாதிரியா உக்காருவீங்க?"

"ஒங்கண்ணனுக்கும் வெள்ளத் தலதானே?"

"அது ஆம்பள, மதினி. அதுவும் இதுவும் ஒண்ணா? அண்ணனுக்கும் ஒரு ஆசை இருக்காதா?"

நான் இவர் பக்கம் திரும்பினேன். இவர் ஒரு பித்தளைச் சொம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "ஒன் இஷ்டம்" என்றார்.

முப்பத்திரண்டு வருஷமாக நான் கேட்கிற வார்த்தை இது. வீடு மாற்றும்போது, மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்றபோது, சாம்பாருக்கு முருங்கைக்காயா கத்தரிக்காயா என்றபோது. கேட்கிறவர்கள், எவ்வளவு சுதந்திரம் கொடுக்கிறார் பாருங்கள் என்பார்கள். சுதந்திரமாவது! அது சம்மதமுமில்லை, மறுப்புமில்லை. பின்னால் எது நடந்தாலும் தன்மேல் படாமல் இருக்க ஒரு ரெயின்கோட்டு.

எங்கள் மகள் நிவி மட்டும், "அம்மா, பதினோரு மாசம் தாக்குப்பிடிச்சிட்டு இப்ப ஏம்மா?" என்றாள்.

"ஒரே ஒரு நாள்தானேடி" என்றேன். அதைச் சொன்னது சந்திரா இல்லை, இவர் இல்லை. நான். இந்தக் கதையில் எனக்கு ரொம்பக் கோபம் யார்மேல் என்று கேட்டால், அந்த இடத்தில் உட்கார்ந்திருந்த என்மேல்தான்.

இப்போது சொம்புக்கு வருகிறேன். மற்றவர்கள் வீட்டில் அறுபதாம் கல்யாணம் என்றால் புடவை பார்ப்பார்கள், சமையல்காரர் பார்ப்பார்கள். பாத்திரக்கடைக்காரர் வீட்டில் சொம்பு பார்த்தார்கள். வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு ஆளுக்கொரு பித்தளைச் சொம்பு. அன்றைய அபிஷேகத்துக்கும் அதே சொம்பு. கழுத்து எவ்வளவு அகலம், விளிம்பு மடக்கியதா மழுக்கியதா, கனம் போதுமா என்று ஒரு மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. இவர் ஒவ்வொரு சொம்பாகத் தட்டிச் சத்தம் கேட்டுத்தான் உள்ளே விட்டார். ஒரு மாதம் நாங்கள் எல்லாரும் சொம்பைப் பற்றிப் பேசினோம். அந்தச் சொம்புக்குள் தண்ணீர் இருக்கும், அந்தத் தண்ணீர் என் தலையில் விழும் என்று ஒரே ஒரு ஜீவனுக்குத் தோன்றவில்லை.

அறுபதாம் கல்யாணத்துக்குப் போகாதவர்களா நாங்கள்? ஹோமம் முடிந்ததும் தம்பதியை உட்காரவைத்து, தலைக்குமேல் சல்லடை பிடித்து, சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து கலசத் தண்ணீரை ஊற்றுவார்கள். அதன்பிறகுதான் உடை மாற்றி மறுபடி தாலி கட்டுவது. நானே எத்தனை பேர் தலையில் ஊற்றியிருக்கிறேன்! ஊற்றுகிறபோது நம் புடவை நனையாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். கீழே இருக்கிற தலையை யார் பார்க்கிறார்கள்?

மயிலாப்பூரில் ஒரு சின்ன மண்டபம். விடிகாலையில் சந்திரா ஏற்பாடு செய்த அலங்காரப் பெண் வந்தாள். பதினோரு மாத வெள்ளை. இரண்டு பெட்டி பவுடர் போயிற்று. இதெல்லாம் அபிஷேகம் முடிந்தபிறகு செய்துகொள்கிற வேலை. ஆனால் ஹோமத்தில் உட்காரும்போதும் போட்டோவில் மதினி கறுப்பாக இருக்கவேண்டுமே! அந்தப் பெண் வேலையை முடித்துவிட்டு அடுத்த முகூர்த்தத்துக்கு ஓடிவிட்டாள். கண்ணாடியில் பார்த்தேன். நாற்பது வயது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. இப்படியும் அப்படியும் திரும்பி வேறு பார்த்துக்கொண்டேன்.

ஹோமம் முடிந்தது. எங்களை மேடையில் பலகை போட்டு உட்காரவைத்தார்கள். ஐயர் காதோடு மாட்டிய மைக்கில், "பொண்ணு மொதல்ல வாம்மா" என்று கூப்பிட்டார். நிவி சொம்போடு வந்தாள். என் தலையைப் பார்த்தாள். கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கில்தான் எனக்கு விஷயம் விளங்கிற்று.

"அம்மா..."

"ஐயரே, கொஞ்சம் இருங்க, எனக்கு வேண்டாம்" என்றேன்.

"கூச்சப்படாதேள் மாமி, ரெண்டு நிமிஷம்தான்" என்று அவர் மந்திரத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனார். நாதஸ்வரமும் கூடச் சேர்ந்துகொண்டது.

நிவி புத்திசாலி. முழுச் சொம்பையும் அவள் அப்பா தலையிலேயே கவிழ்த்தாள். என்மேல் ஒரு சொட்டு படவில்லை. ஆனால் அடுத்து வந்தவர் ராமையா அண்ணாச்சி. இவருக்குப் பெரியப்பா மகன், திருநெல்வேலியில் அவருக்கும் பாத்திரக்கடை. "சண்முவத்துக்குத்தான் ஊத்துனா எப்படி? கோமதிக்கு ஒண்ணுமில்லையா?" என்று பாசத்தோடு மொத்தத்தையும் என் தலையில் ஊற்றினார்.

முதலில் நெற்றியில் ஒரு கோடு. பிறகு மூக்கில். பிறகு கணக்கில்லை. இயற்கைக் கறுப்பு இயற்கையாக ஓடிற்று. என் மஞ்சள் புடவையில் இறங்கி, இவருடைய வெள்ளை வேட்டியில் ஏறி, பலகையைச் சுற்றிக்கொண்டு ஐயர் காலுக்குப் போயிற்று. ஐயர் மந்திரத்தை நிறுத்தாமலேயே இரண்டு அடி பின்னால் நகர்ந்தார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இவருடைய சித்திதான் முதலில் குரல் கொடுத்தாள். "ஏ, என்னட்டி இது, தண்ணி கருகருன்னு வருது! சொம்புக்குள்ள கரியா கெடக்கு?"

நாதஸ்வரம் நின்றது. அண்ணாச்சி கையிலிருந்த சொம்பை வெளிச்சத்துக்குத் தூக்கி உள்ளே பார்த்தார். நகத்தால் சுரண்டினார். மோந்து பார்த்தார்.

"சண்முவம், என்னடே இது, சொம்பு சாயம் போவுது! பித்தளைன்னு சொல்லி ஒன் தலையில எவனோ தகரத்தைக் கட்டிட்டான்டே!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவரவர் சொம்புக்குள் எட்டிப் பார்த்தார்கள். வாசலில் மஞ்சள் பைகளில் இருநூறு சொம்பு அடுக்கியிருந்தது. சாயங்காலத்துக்குள் சண்முகம் கடைச் சொம்பு சாயம் போகிறது என்று தி.நகரிலிருந்து திருநெல்வேலி வரை போய்விடும். ஒரு பாத்திரத்தில் நெளிவு இருந்தால் வாங்குகிறவர் பார்ப்பதற்கு முன்னால் தானே காட்டிக் கொடுக்கிற மனிதர் இவர். அந்தக் குணத்தால் எத்தனையோ வியாபாரம் போயிருக்கிறது, அதற்கும் நான் கத்தியிருக்கிறேன்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்மை, பவுடர், குங்குமம் எல்லாம் ஒன்றாகி ஓடிக்கொண்டிருந்த என் முகத்தைப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியைப் பார்த்து, "ஆமா அண்ணாச்சி. புதுச் சொம்பு. சரியா வெளக்காம எடுத்தாந்துட்டேன். தப்பு என்மேலதான்" என்றார்.

முப்பத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக ரெயின்கோட்டைக் கழற்றிவிட்டு நனைகிறார். அதுவும் எந்த இடத்தில்! பாத்திரத்தைப் பற்றி அந்த வாய் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அது அழவேண்டிய இடம்தான். ஆனால் எனக்கு அழுகையும் கோபமும் ஒரே குழாயில்தான் வரும், கோபம்தான் எப்போதும் முந்திக்கொள்ளும். எழுந்து நின்றேன்.

"சொம்புல ஒரு கோளாறும் இல்ல!"

ஐயர் காதில் இருந்த மைக் இரண்டடி தூரத்தில் இருந்தது. நான் சொன்னது சமையல்கட்டு வரை போயிற்று என்று பிறகு சொன்னார்கள். அங்கே ஒருவர் அப்பளம் கருகவிட்டாராம்.

"சொம்பு நல்ல பித்தளை. சாயம் போறது என் தலை! ரெண்டு பெட்டிப் பவுடர் பூசியிருக்கேன். எதுக்கு? ஒடம்பு சரியில்லையா, வீட்ல கஷ்டமா, அண்ணனுக்கு அம்மா மாதிரி இருக்கீங்களேன்னு நீங்கல்லாம் கேக்கறீங்களே, அதுக்கு! இவர இருபது வருஷமா ஒருத்தர் கேட்டதுண்டா? இவருக்கு நரைச்சா மேனேஜர் ரூம்ல காபி, எனக்கு நரைச்சா ஒரு முழம் பூ கூடுதலா? வேண்டாம்! உங்க காபியும் வேண்டாம், பூவும் வேண்டாம்!"

(காபி, பூ எதுவும் அங்கே இருந்தவர்களுக்குப் புரிந்திருக்க வழியில்லை. கோபத்தில் அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.)

அண்ணாச்சி கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினேன். பக்கத்து அண்டாவில் முக்கி எடுத்து நானே என் தலையில் ஊற்றிக்கொண்டேன். கறுப்பாக ஓடிற்று. இரண்டாவது ஊற்றினேன். மூன்றாவதுக்கு நிவி வந்து சேர்ந்துகொண்டாள். அவள் ஊற்ற, நான் பரபரவென்று தேய்த்தேன். ஐந்தாவது சொம்பில் தண்ணீர் தெளிந்து விழுந்தது. அதே சொம்பை நிறைய மொண்டு அண்ணாச்சி மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"பாருங்க. சொம்புல கறுப்பு இருக்கா?"

"இல்லம்மா" என்றார் அண்ணாச்சி, பின்வாங்கிக்கொண்டே.

ஐயர்தான் முதலில் தெளிந்தார். "அபிஷேகம் பூர்த்தியாயிடுத்து. நானும் எத்தனையோ பேருக்குப் பண்ணி வெச்சிருக்கேன், தானே ஊத்திண்டவா நீங்க ஒருத்தர்தான்" என்றார். சித்தி பக்கத்து நாற்காலியைப் பார்த்து, "தலதான் வெளுத்திருக்கு, கொரலு இன்னும் வெளுக்கல" என்றாள். அதற்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

புடவை மாற்றி, ஈர வெள்ளைத் தலையோடு வந்து உட்கார்ந்தேன். இவர் தாலி கட்டும்போது காதருகே குனிந்து, "நல்லாருக்கு" என்றார்.

"எது?"

"தல."

"இதைப் பதினஞ்சு நாள் முன்னாடி சொல்றதுக்கென்ன கேடு?" என்றேன். மைக் இன்னும் ஆனில்தான் இருந்தது.

பந்தி முடிந்தபிறகு நிவி அந்தப் பவுடர் பெட்டியைக் கொண்டுவந்து எறும்பு எழுத்தைப் படித்துக் காட்டினாள். தண்ணீர், வியர்வை, மழை படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. சந்திரா மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "நல்லதுக்குத்தானே மதினி சொன்னேன்" என்றாள்.

"தெரியும் சந்திரா. அதனாலதான் ஒன்ன ஒண்ணும் சொல்ல முடியல. அந்தக் கோவம் வேற உள்ளயே நிக்குது" என்றேன்.

அடுத்த வாரம் கீழே மிச்சமிருந்த செம்பட்டையையும் கறுப்பையும் காதுக்குக் கீழே வெட்டிப் போட்டேன். ஹாலில் போட்டோ மாட்டியாயிற்று. சந்திரா தேர்ந்தெடுத்தது ஹோமப் புகைக்கு நடுவே நாற்பது வயதுக்காரி ஒருத்தி சிரிக்கிற படம். மாட்டியிருப்பது, நான் வாயைத் திறந்துகொண்டு தலையில் சொம்பைக் கவிழ்க்கிற படம். பக்கத்தில் இவர், கறுப்பு வரி விழுந்த வேட்டியோடு, ரொம்பத் திருப்தியாக உட்கார்ந்திருக்கிறார்.

அன்று வந்தவர்கள் எல்லார் வீட்டிலும் அந்தச் சொம்பு ஒன்று இருக்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சு ஓயமாட்டேன் என்கிறது. எங்கள் சொந்தத்தில் யாராவது மாப்பிள்ளை போட்டோவைக் காட்டி, "முப்பது வயசுதான்" என்றால், "அந்தச் சொம்ப எடு, ஊத்திப் பாத்துடலாம்" என்கிறார்கள். ஒருவர் புது வேலையைப் பற்றி அளந்தால், சொம்பு. உடம்பு இளைத்துவிட்டது என்றால், சொம்பு. ராமையா அண்ணாச்சி தன் கடையிலேயே, "இது எங்க கோமதி தலையில ஊத்திச் சோதிச்ச சொம்பு, சாயம் போவாது" என்று சொல்லி விற்கிறாராம்.

இதையெல்லாம் எழுதி முடித்து நேற்றுச் சாயங்காலம் இவருக்கும் நிவிக்கும் படித்துக் காட்டினேன். கடைசியில் பெருந்தன்மையாக இருக்கட்டும் என்று, 'இப்போது எனக்கு யார்மேலும் கோபமில்லை' என்று ஒரு வரி வைத்திருந்தேன்.

இவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"நிவி, அந்தச் சொம்ப எடு" என்றார்.